நத்தை மேயாத பாத்தி: விலங்குகளுக்கு முந்தைய உலகை இராமநாதபுரக் கடற்கரையில் காணும் முறை

இராமநாதபுரக் கடற்கரைக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் பவளத்தையும், ஆவுளியா எனப்படும் கடற்பசுவையும், தனுஷ்கோடி உப்பங்கழியில் கால் மடக்கி நிற்கும் பூநாரைகளையும் தேடியே வருகிறார்கள். இவை அனைத்தும் விலங்குகள். பூமியின் 454 கோடி ஆண்டு வயதை எட்டுப் பங்காக வகுத்தால் கடைசிப் பங்கில்தான் விலங்கு என்ற இனமே தலைகாட்டுகிறது. மீதி ஏழு பங்கில் என்ன இருந்தது என்று அறிய விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அதற்கு அருங்காட்சியகமோ ஆய்வுக்கூடமோ வேண்டியதில்லை. ஒரு நாள் காலைப்பொழுதும், ஒரு பிளாஸ்டிக் புட்டியும், இரண்டு மாதப் பொறுமையும் போதும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய உலகம் அழிந்துவிடவில்லை. விலங்குகள் வாழ முடியாத இடங்களுக்கு அது ஒதுங்கிக்கொண்டது. ஆகவே தேடும்போது உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைவிட, நத்தையும் நண்டும் மீன்குஞ்சும் எங்கே இல்லை என்று முதலில் பார்த்துப் பழக வேண்டும். இக்கரையில் அத்தகைய இடங்கள் இரண்டு. ஒன்று, உப்பு மிகுந்த உப்பளப் பாத்தி. மற்றொன்று, காற்றுப் புகாத கருஞ்சேறு.

முதலில் கால அளவைக் காலால் அளந்துகொள்ளுங்கள்

கோடி ஆண்டுகள் என்று வாயால் சொல்வது எளிது, மனத்தில் அது நிற்பதில்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் நடைபாதை இதற்கு நல்ல அளவுகோல். பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2.34 கிலோமீட்டர். மண்டபம் முனையில் பூமி பிறக்கிறது என்றும் பாம்பன் முனையில் இன்றைய நாள் நிற்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மீட்டரும் சுமார் 19 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஏறக்குறைய 540 மீட்டர் நடந்ததும், நாம் உறுதியாகச் சுட்டக்கூடிய மிகப் பழைய உயிர்த்தடயங்களுள் ஒன்றான, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் 348 கோடி ஆண்டுப் பாறையில் அடுக்கடுக்காகப் பதிந்துள்ள நுண்ணுயிர்ப் படலங்களை எட்டுகிறீர்கள். பாலத்தின் நடுவை நெருங்கும் இடத்தில், 1,100 மீட்டர் வாக்கில், காற்றில் ஆக்சிஜன் முதன்முதலாகத் தங்கத் தொடங்குகிறது. அது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சிவப்புப்பாசி 1,500 மீட்டரில் வருகிறது. எடியாகரா உயிர்கள் எனப்படும் மெத்தென்ற உடல் கொண்ட தொடக்க விலங்குகளைக் காண 2,050 மீட்டர் நடக்க வேண்டும். மனித இனத்துக்குக் கிடைப்பது கடைசி ஒரு சாணுக்கும் குறைவான தூரம்.

வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டு இதைச் செய்ய வேண்டாம். விடியற்காலையில் நடந்தே போவது நல்லது. எட்டு மணிக்கு மேல் கூட்டமும் காற்றும் சேர்ந்து எண்ணிக்கையைக் குலைத்துவிடும்.

எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது

மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்குபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. பவளத்துண்டைப் பொறுக்கி எடுப்பதும் சட்டப்படி குற்றம். நம் தேடலுக்குத் தீவுகள் தேவையும் இல்லை. பவளம் விலங்கு என்பதால் அது நமது காலத்துக்கு வெளியே நிற்கிறது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரின் பவளக்கற்களைக் கண்டு, இவையே ஆதி உயிரின் பாறைகள் என்று நண்பர்களுக்கு விளக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இக்கரையில் கிடக்கும் பவளப்பாறை சில ஆயிரம் ஆண்டுப் பழைமையே கொண்டது. பாம்பன் பாலக் கணக்கில் அது ஒரு சென்டிமீட்டர்கூட வராது.

உப்பளங்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் திருப்பாலைக்குடி, உப்பூர் பக்கம் போகலாம். தெற்கே என்றால் வாலிநோக்கம் இருக்கிறது. உப்பளம் என்பது ஒருவருடைய பிழைப்பு நடக்கும் இடம். வரப்பில் ஏறும் முன் அங்கு வேலை செய்பவர்களிடம் வந்த காரணத்தைச் சொல்லி இசைவு கேளுங்கள். பாத்தியின் அடித்தளத்தை மிதித்துக் கலக்கினால் அவர்களுடைய உப்பு அழுக்கேறும் என்பதால் வரப்பிலேயே நின்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கருஞ்சேற்றைக் காணக் காரங்காட்டு அலையாத்திக் காடு சிறந்தது. அங்கே வனத்துறை ஏற்பாட்டில் படகில் செல்லலாம். ஆனால் அங்கிருந்து சேறு எடுக்கக்கூடாது, பார்க்க மட்டுமே அனுமதி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் வெறும் குளமாகிவிடும். தை கழிந்து மழைநீர் வற்றி, பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போதுதான் பாத்திகளில் நுண்ணுயிர்ப் படலம் நன்றாகக் கட்டும். காலை ஆறரைக்குப் போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவது உத்தமம். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் நீர் கலங்கி அடித்தளம் தெரியாது. காலில் புண் இருந்தால் உப்புச்சேற்றில் இறங்கவே வேண்டாம். ரப்பர்க் காலணி, கையுறை, பழைய பிளேடு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, இரண்டு லிட்டர் குடிநீர் ஆகியவை போதும்.

பாத்தியைப் படிக்கும் முறை

உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒன்றல்ல. கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ முதலில் வந்து நிற்கும் பெரிய பாத்திகள் ஒருபுறம்; நீர் சுண்டச் சுண்ட மாற்றப்படும் நடுப்பாத்திகள் அடுத்து; கடைசியில் உப்பு வாரும் சிறு பாத்திகள். உப்பின் செறிவைத் தொழிலாளர்கள் டிகிரிக் கணக்கில் சொல்வார்கள்; இது வெப்பத்தின் டிகிரி அன்று, போமே எனும் அடர்த்தி அளவு. கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி, உப்பு உறைவது 25 டிகிரியில். நமக்கு வேண்டியவை நடுப்பாத்திகள்.

வரிசையாக நடந்துகொண்டே தரையைக் கவனியுங்கள். முதல் பாத்தியில் கூம்பு வடிவ நத்தைகள் இழுத்துச் சென்ற கோடுகள் சேற்றில் நூல் கோத்ததுபோல் பின்னிக் கிடக்கும். மீன்குஞ்சுகள் நிழல் கண்டு சிதறும். அடுத்தடுத்த பாத்திகளில் கோடுகள் குறையும். ஓரிடத்தில் கோடே இல்லாமல், தரை முழுவதும் ஈரத்தோல் விரித்ததுபோல் வழுவழுப்பாகத் தெரியும். நீங்கள் தேடி வந்த இடம் அதுதான். உப்பு அங்கே நத்தையைத் தடுத்துவிட்டது. நத்தை இல்லாததால் மேய்ச்சல் இல்லை; மேய்ச்சல் இல்லாததால் படலம் கலையாமல் அடுக்குக் கட்டிக்கொண்டே போகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், கடலைப்போல் இரு மடங்கு உப்புக்கரிக்கும் ஹாமலின் குளத்தில், இன்றும் ஸ்ட்ரோமட்டோலைட் எனப்படும் கல்மேடுகள் வளர்வதற்கும் இந்த மேய்ச்சலின்மையே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அங்கே படலம் கல்லாகிறது, இங்கே தோலாகவே நின்றுவிடுகிறது, வேறுபாடு அவ்வளவே.

இசைவு பெற்று, வரப்போரமாகத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டைப் பிளேடால் வெட்டி எடுங்கள். கேக்கை வெட்டுவது போலன்றி, கெட்டித்தயிரின் ஆடையை வெட்டுவதுபோல் கை அதை உணரும். பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு விரற்கடை கனத்துக்குள் நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே மஞ்சள் பாய்ந்த பழுப்பு, அதன் கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே ஊதாவோ மங்கிய இளஞ்சிவப்போ, அடியில் மை போன்ற கருமை. கருமைப் பகுதியை மூக்கருகே கொண்டுபோனால் கெட்டுப்போன முட்டையின் நாற்றம் வரும். அதே துண்டை வரப்பில் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். கருமை வெளிறிப் பழுப்பாகியிருக்கும்.

பச்சை அடுக்கு சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயர் பெற்றாலும் இது பாக்டீரியாவே. நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கையை உலகுக்குக் கொண்டுவந்தது இதன் மூதாதைதான். வெயில் ஏறிய பின் படலத்தின்மீது ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். உருப்பெருக்கி இருந்தால் அவை ஒவ்வொன்றாகக் கழன்று மேலேறுவதையும் காணலாம். ஊதா அடுக்கு அதைவிடப் பழைய வழக்கத்தைக் கைவிடாதது. நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் பயன்படுத்தி, பச்சை அடுக்கு வடிகட்டி அனுப்பும் மிச்ச ஒளியில் வாழ்கிறது, ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. கறுப்பு அடுக்கிலுள்ளவை ஒளியையே நாடாதவை. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டை அவை பயன்படுத்துகின்றன. அதனால் உண்டாகும் வாயுதான் முட்டை நாற்றம். அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கரிய இரும்பு சல்ஃபைடு ஆகிறது. காற்றுப் பட்டதும் அது நிறம் மாறுவதற்குக் காரணம் ஆக்சிஜன். அரைமணி நேரத்தில் வரப்பில் நீங்கள் கண்டது, 240 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் மெல்ல நடந்த மாற்றத்தின் சாயல்.

மேலேயுள்ள பழுப்பு மட்டும் இந்தக் கதையில் பொருந்தாதது. அதில் டயாட்டம் என்ற சிலிக்கா ஓட்டு நுண்பாசிகள் மிகுதி. அவை டைனோசர் காலத்தில்தான் தோன்றியவை. பழைய வீட்டின் திண்ணையில் புதுக் குடித்தனக்காரர் உட்கார்ந்திருப்பதுபோல என்று எண்ணிக்கொள்ளலாம். எதையும் கலப்பற்ற ஆதி உலகம் என்று கொண்டாடிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உப்பளத்தில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்களுக்கு இந்தப் படலம் புதிதன்று. நான் முதன்முறை வெட்டியெடுத்தபோது பக்கத்துப் பாத்தியில் நின்ற ஒரு வயதான அம்மா, "அதப் பிச்சுப் போடாத தம்பி, பாசி கட்டுன பாத்தியிலதான் தண்ணி கீழ எறங்காது" என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னது சரியே. படலத்தின் பசைத்தன்மை மண்ணின் துளைகளை அடைத்துக் கசிவைக் குறைக்கிறது. அளவு மீறிப் பசை கூடினால் உப்புப் படிகம் கெடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அன்றுமுதல், நீர் வற்றிய ஓரங்களில் வெயிலில் காய்ந்து அப்பளம்போல் சுருண்டு கிடக்கும் துண்டுகளையே முதலில் தேடுகிறேன். அவற்றை நீரில் நனைத்தால் சில மணி நேரத்தில் பச்சை மீளும்.

உப்பு வாரும் பாத்தியின் நீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். டுனாலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களும் சேர்ந்து தரும் நிறம் அது. பார்வைக்குப் பாக்டீரியா போலிருந்தாலும் ஆர்க்கியா தனிக்கிளை என்று அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ் 1977-இல் காட்டினார்.

வீட்டில் ஒரு புட்டி ஆதிக்கடல்

செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய நுண்ணுயிரியலாளர் 1880-களில் கையாண்ட முறை இது. கண்ணாடிக் குழாயில் சேற்றை அடைத்து வெளிச்சத்தில் வைத்தால், நுண்ணுயிர்கள் தத்தமக்கு உகந்த ஆழத்தில் தாமே குடியேறும்.

ஒரு லிட்டர் நிறமற்ற தண்ணீர்ப் புட்டியின் கழுத்தை வெட்டிவிடுங்கள். உப்பள வாய்க்கால் ஓரத்திலோ கழிமுகத்திலோ, காப்புக்காட்டுக்கு வெளியே, ஒரு சாண் ஆழத்திலுள்ள கருஞ்சேற்றை இசைவோடு எடுத்துக் கல், சிப்பி, குச்சிகளை நீக்குங்கள். செய்தித்தாளின் ஒரு பக்கத்தைப் பொடியாகக் கிழித்து, அவித்த முட்டையின் மஞ்சட்கருவில் பாதியையும், ஒரு தேக்கரண்டி முட்டையோட்டுப் பொடியையும் சேர்த்து, சேற்றில் மூன்றில் ஒரு பங்கோடு பிசைந்து அடியில் இடுங்கள். தாள் உணவாகவும், மஞ்சட்கரு கந்தகத்துக்காகவும், ஓடு கார்பனேட்டுக்காகவும் பயன்படும். அதன்மேல் வெறும் சேற்றை முக்கால் புட்டி வரை நிரப்பி, காற்றுக்குமிழி தங்காமல் புட்டியைத் தரையில் மெல்லத் தட்டுங்கள். மேலே மூன்று விரல் உயரத்துக்கு அதே இடத்து நீரை ஊற்றி, இரண்டு விரல் இடம் விட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் வளையம் போட்டு, ஊசியால் நாலைந்து துளையிடுங்கள். நேர்வெயில் படாத, ஆனால் நாள் முழுதும் வெளிச்சம் உள்ள சன்னலில் வையுங்கள். இதேபோல் இன்னொரு புட்டியைச் செய்து, அலுமினியத் தாளால் முழுதும் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்லும்.

என் முதல் புட்டியில் ஒன்றுக்கு மூன்று மஞ்சட்கருவைப் போட்டேன், துளையிடவும் மறந்தேன். மாடிப்படியருகே வெயிலில் நின்ற அது ஐந்தாம் நாள் உப்பிப் பீறிட்டு, படிக்கட்டு முழுதும் சாக்கடை நாற்றம் அடித்தது. கீழ்வீட்டுக்காரர் குழாய் வெடித்துவிட்டதோ என்று ஆள் கூப்பிடப் போய்விட்டார். பாதிக்கரு போதும் என்று மேலே எழுதியதற்குக் காரணம் அதுவே. புட்டியைத் திறப்பதென்றால் வெளியில் வைத்துத் திறந்து, கையைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் புட்டி கறுத்துக்கொண்டே போகும். கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். நான்காம் வாரத்தில் மேல்விளிம்பில் பச்சை படியும். ஆறு முதல் எட்டு வாரங்களில் கருமையின் நடுவே ஊதாத் திட்டுகளும், சற்றுக் கீழே மங்கிய பச்சைத் திட்டுகளும் புட்டியின் சுவரை ஒட்டி விரியும். தாள் சுற்றிய புட்டியில் நிறம் எதுவும் எழாது, கருமை மட்டும் இருக்கும். மேலேயுள்ள பச்சை ஆக்சிஜன் உலகம், கீழே உள்ளவை அதற்கு முந்தைய உலகம். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று வாரம் ஒருமுறை பேனாவால் புட்டியில் குறித்துவையுங்கள். அது ஏறி இறங்குவதைப் பார்ப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆக்சிஜன் பெருகியபோது கடலில் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படிந்தது என்று படித்திருப்பீர்கள். அதற்கான பாறை இக்கரையில் இல்லை. சேலம் அருகேயுள்ள கஞ்சமலையின் காந்த இரும்புப் பட்டைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமை உடையவை. அவ்வழியே போகும்போது ஒரு காந்தத்தை எடுத்துச்செல்லுங்கள்.

கரையில் ஒதுங்கும் சிவப்புப்பாசி

பாக்டீரியாவோடு நின்றுவிட்டால் கதை பாதியிலேயே நிற்கும். பாம்பன், சின்னப்பாலம், வேதாளை ஓரங்களில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் சிவப்புப்பாசிக் குடும்பத்தவை. காற்றடித்த மறுநாள் கரையில் ஒதுங்கிய துண்டுகளிலேயே இவற்றைக் காணலாம். பாறையிலிருந்து பிய்க்கத் தேவையில்லை. விலங்குகளுக்கு நெடுங்காலம் முன்பே பல செல்களைக் கோத்து உடல் கட்டிய குலம் இது. உத்தரப்பிரதேச, மத்தியப்பிரதேச எல்லையிலுள்ள சித்திரகூடத்தின் 160 கோடி ஆண்டுப் பாறைகளில் சிவப்புப்பாசியை ஒத்த புதைபடிவங்கள் கிடைத்ததை 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கஞ்சிப்பாசியின் ஒரு நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் உறுப்பு, ஒரு காலத்தில் விழுங்கப்பட்டுச் செரிக்கப்படாமல் தங்கிவிட்ட சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றல். உப்பளத்துப் பச்சை அடுக்குக்கும் இந்தப் பாசிக்கும் உள்ள உறவு இதுவே. 1967-இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இக்கருத்தை விரிவாக முன்வைத்தபோது ஏற்றவர்கள் சிலரே; பின்னர் மரபணுச் சான்றுகள் அதை உறுதிசெய்தன.

மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பது அகர். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி வைக்கும் கடல்பாசி அகரிலிருந்தே வருகிறது. நுண்ணுயிர்களை வளர்க்க ஆய்வகங்களில் ஊற்றப்படும் தட்டும் அதே அகர்தான். 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே தம் சமையலறைப் பழக்கத்திலிருந்து அதைக் கணவரின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தார். இனிப்பில்லாத அகரைக் கெட்டியாகக் காய்ச்சி, சுத்தமான மூடியில் ஊற்றி ஆறவைத்து, பாத்திப் படலத்தின் ஒரு நூலை நடுவில் வைத்து மூடி வெளிச்சத்தில் வைத்தால், சில நாட்களில் பச்சை இழைகள் நாற்புறமும் ஊர்ந்து பரவக்கூடும். அகரைக் காய்ச்சப் பாத்தி நீரையே வடிகட்டிப் பயன்படுத்துங்கள். குழாய் நீரில் இவை வாழா.

மழைக்குப் பின் மீண்டும் ஒருமுறை

வெட்டிப் பார்த்த நடுப்பாத்தியை வரப்பில் ஏதேனும் அடையாளம் கொண்டு நினைவில் வைத்து, ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை இரண்டு மூன்று முறை கொட்டிய பின், கார்த்திகையில் ஒரு நாள் அதே இடத்துக்கு வாருங்கள். மழைநீர் கலந்து டிகிரி இறங்கியிருக்கும். வாய்க்கால் வழியே நத்தைகளும் மீன்குஞ்சுகளும் உள்ளே வந்திருக்கும். நான் கவனித்துவரும் பாத்தியில் சித்திரையில் ஈரத்தோல் விரித்ததுபோல் இருந்த தரையில், கார்த்திகையில் முதலில் ஒன்றிரண்டு கோடுகள் தெரிந்தன. பத்து நாள் கழித்துப் போனபோது கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, படலம் துண்டுதுண்டாகக் கிழிந்து கிடந்தது. ஒரு துண்டின் விளிம்பில் விரல்நகம் அளவுள்ள நத்தை இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.